எழும்பூரா, கோட்டூர்புரமா: பயணத்தில் கலைக்கூடமும் அறிவியல் கூடமும்

பயணத்தில் அருங்காட்சியகத்துக்கென்று ஒதுக்க முடிவது பெரும்பாலும் அரை நாள்தான். போன ஊரில் கலை அருங்காட்சியகமும் அறிவியல் அருங்காட்சியகமும் இருந்து, இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், விருப்பத்தைக் கொண்டு முடிவு செய்வதே வழக்கம். சிலையும் ஓவியமும் பிடித்தவர் ஒரு பக்கம் போகிறார். எந்திரம் பிடித்தவரும் பிள்ளைகளை அழைத்து வந்தவரும் மறுபக்கம் போகிறார்கள். விருப்பம் தவறான அளவுகோல் அல்ல. ஆனால் வீட்டைவிட்டு வெகுதூரம் வந்தவருக்கு அதைவிடப் பயன்படும் அளவுகோல் ஒன்று உண்டு. அங்கே வைத்திருப்பது வேறெங்கும் காணக் கிடைக்காத மூலப் பொருளா, எந்த ஊரிலும் செய்து வைக்கக்கூடிய மாதிரியா என்று பார்ப்பதே அது. இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் கலை, அறிவியல் என்ற பிரிவு இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

வடசென்னையிலிருந்து கிளம்புகிறவருக்கு இந்தத் தேர்வு கடற்கரை ரயில் நிலையத்திலேயே வந்துவிடும். எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் வழியாக வரும் கும்மிடிப்பூண்டி பாதை மின்ரயிலில் வந்து இறங்கி, தாம்பரம் வண்டியில் ஏறினால் எழும்பூர். பறக்கும் ரயிலில் ஏறினால் கோட்டூர்புரம். எழும்பூரில் 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மையமும் 1988இல் திறந்த பிர்லா கோளரங்கமும் இருக்கின்றன. மெட்ரோவில் வருவோர் விம்கோ நகர் பாதையில் வந்து சென்ட்ரலில் மாறி எழும்பூரில் இறங்கலாம். 2021இல் அந்தப் பாதை வடக்கே நீண்டபின் திருவொற்றியூர்க்காரர்களுக்கு எழும்பூர் வெகுவாகப் பக்கத்தில் வந்துவிட்டது.

எழும்பூரைக் கலை அருங்காட்சியகம் என்று சொல்வதுகூட முழு உண்மை ஆகாது. சென்னை இலக்கியக் கழகம் கொடுத்த சுமார் 1,100 பாறை, கனிம மாதிரிகளோடுதான் அது தொடங்கியது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஒரு மருத்துவர். கல்லூரிச் சாலையில் இருந்த கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் பிறந்து, 1854இல் எழும்பூரிலுள்ள பாந்தியன் வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கேயே பால்ஃபர் ஒரு விலங்குக் காட்சியையும் தொடங்கினார். அதுதான் பிற்காலத்தில் மூர்மார்க்கெட் பக்கம் போய், கடைசியில் வண்டலூர் உயிரியல் பூங்காவாக வளர்ந்தது. உயிருள்ள விலங்குகள் இருந்த இடத்தைச் சென்னைவாசிகள் உயிர் காலேஜ் என்றும், பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் இருந்த எழும்பூரைச் செத்த காலேஜ் என்றும் அழைத்தார்கள். காணும் பொங்கலன்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் திமிங்கில எலும்புக்கூட்டின் அடியில் நின்றார்கள். அதே நடையில் அமராவதிப் பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்களையும் பார்த்தார்கள். கலைக்கும் அறிவியலுக்கும் தனித்தனி நுழைவாயில் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

பிரிவு உலகெங்கும் பின்னால் வந்ததுதான். லண்டனில் 1857இல் திறந்த தெற்குக் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் நகை, நெசவு, மட்பாண்டம், நீராவி எந்திரம் எல்லாம் ஒரே நிர்வாகத்தின்கீழ் இருந்தன. 1909இல்தான் அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்றும் அறிவியல் அருங்காட்சியகம் என்றும் இரண்டானது. இன்று ஒரே தெருவின் இரு புறமும் அவை நிற்கின்றன. சென்னையிலும் தொடக்கம் இப்படித்தான். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் கலைப்பள்ளியையும் அடுத்த ஆண்டு தொழிற்பள்ளியையும் தொடங்கினார். இரண்டும் சேர்ந்து அரசின் கைக்குப் போய், இன்றைய கவின்கலைக் கல்லூரியாயின. கையால் செய்வதும் கண்ணால் ரசிப்பதும் ஒரே பாடம் என்ற எண்ணம் அந்தப் பெயர்களிலேயே இருந்தது. தேவிபிரசாத் ராய் சௌத்ரி அந்தக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். மெரினாவில் பாறையை நெம்பும் நான்கு தொழிலாளர்களின் சிலையை அவர்தான் வடித்தார். துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களின் ஊருக்கு இதைவிட நெருக்கமான கலைப்படைப்பு நகரில் வேறில்லை. அதைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குள் போகவும் வேண்டாம்.

எழும்பூரின் படிமக்கூடம் மூலப் பொருள் என்ற அளவுகோலுக்குத் தமிழகத்திலேயே சிறந்த சான்று. அங்குள்ள செப்புப் படிமங்களில் மிகுதியானவை நிலத்தடியில் கிடைத்தவை. படையெடுப்புக் காலங்களில் கோயிலார் மண்ணில் புதைத்து வைத்தவற்றில் பல, உழும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் வெளிவந்து, 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அரசுக்கு வந்தன. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரே உடலில் ஒரு பக்கம் தோள் அகன்றும் மறுபக்கம் இடை நெளிந்தும் நிற்கும் அந்த வார்ப்பைப் புகைப்படத்தில் பார்ப்பதும் நேரில் சுற்றி வந்து பார்ப்பதும் ஒன்றல்ல. திருவாலங்காட்டு நடராசர் அரக்கோணம் பாதையிலுள்ள ஊரிலிருந்து வந்தது. அதன் புகைப்படங்களைப் பாரிசில் பார்த்த சிற்பி ரோதான் எழுதிய குறிப்புகள், அவர் இறந்தபின் 1921இல் அச்சாயின. ரோதான் நேரில் பார்க்காததைத் திருவொற்றியூர்க்காரர் ஒரு மணி நேர ரயில் பயணத்தில் பார்த்துவிடலாம்.

இதே கூடத்தில்தான் அறிவியலும் ஒளிந்திருக்கிறது. நூற்றாண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்த படிமத்தில் குளோரைடு உப்புகள் ஏறியிருக்கும். வெளியே எடுத்தபின் கடலோர ஈரக்காற்று பட்டதும் அந்த உப்புகள் செம்பை அரிக்கத் தொடங்கும். வெளிர்பச்சைப் பொடி பூத்து, மூக்கும் விரலும் கரைந்துபோகும். இதைத் தடுக்க 1930இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதியியல் ஆய்வகம் ஒன்று அமைந்தது. இந்திய அருங்காட்சியகங்களில் அத்தகைய ஆய்வகம் அதுவே முதல். அதைத் தொடங்கி நடத்திய எஸ். பரமசிவன், மின்னாற்பகுப்பு முறையில் அரிப்பை நீக்கிப் படிமங்களை மீட்டார். எண்ணூரிலும் மணலியிலும் உப்புக்காற்றில் இரும்புக் குழாயும் கப்பல் தகடும் துருப்பிடிப்பதோடு ஓயாமல் மல்லுக்கட்டும் தொழிலாளிக்கு அந்தக் கண்ணாடிப் பேழைக்குள் நடப்பது நன்றாகவே புரியும். சொல்லித்தான் யாரும் கொடுப்பதில்லை.

அதற்குப் பிந்தைய ஆய்வுகள் இன்னும் ஆழமானவை. செம்போடு வெள்ளீயமும் ஈயமும் கலந்து வார்த்த இப்படிமங்களில் ஈயத்தின் ஓரிடத்தான் விகிதத்தையும் நுண்தனிமங்களையும் அளந்து, எந்தக் காலத்து உலோகத் தொகுதியோடு ஒவ்வொன்றும் பொருந்துகிறது என்று தொல்லுலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்தார். சோழர் காலத்தவை என்று கொண்டிருந்த நடராசர் படிமங்களில் சில பல்லவர் காலத்து வார்ப்புகளாக இருக்கலாம் என்ற முடிவை அவர் 2004இல் வெளியிட்டார். கலை வரலாற்றறிஞர்கள் ஆடை மடிப்பையும் சடைவிரிப்பையும் கொண்டு காலம் கணித்த இடத்தில், உலோகமே சாட்சி சொல்ல வந்தது. ஆகவே எழும்பூருக்குப் போகிறவர் அறிவியலை இழக்கிறார் என்பது சரியல்ல. அங்கு அறிவியல் இருக்கிறது. விளக்கப்பலகை இல்லாததால் கண்ணில் படாமல் இருக்கிறது.

கோட்டூர்புரம் வேறு வகை. அது அறிவியல் அருங்காட்சியகம் என்பதைவிட அறிவியல் மையம். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பயணிகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அருங்காட்சியகம் மூலக் கருவிகளைச் சேர்த்துக் காக்கும்: ஒருவர் உண்மையில் பயன்படுத்திய தொலைநோக்கி, உண்மையில் ஓடிய எஞ்சின். மையமோ விதிகளை விளக்கக் கருவிகளைப் புதிதாகச் செய்துவைக்கும். பொத்தானை அழுத்தினால் பந்து மிதக்கும், சக்கரத்தைச் சுழற்றினால் விளக்கு எரியும். இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியம் இந்த வகைக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. இந்தியாவில் கொல்கத்தாவின் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959இல் திறந்தது. 1978இல் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமம் உருவானபின் நாடெங்கும் ஒரே முறையில் மையங்கள் எழுந்தன. ஒரே முறை என்பதால் பலன் உண்டு. கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் ஒரே சோதனை கிடைக்கிறது. பயணிக்கு அதுவே குறை. சென்னையில் பார்த்த ஊசலையும் வளைகண்ணாடியையும் ஆயிரம் கிலோமீட்டர் கடந்து மறுபடி பார்ப்பதில் பயனில்லை.

எனவே அறிவியல் மையம் சொந்த ஊர்க்காரருக்கு உரியது. வடசென்னைப் பள்ளிப் பிள்ளைகள் கோட்டூர்புரத்துக்கு ஒரு தடவை அல்ல, பலமுறை போக வேண்டும். ஒரு சோதனை முதல் தடவையில் வேடிக்கையாகவே இருக்கும். இரண்டாம், மூன்றாம் தடவையில்தான் ஏன் என்ற கேள்வி எழும். பறக்கும் ரயில் இருக்கும்போது அது செலவும் அதிகமில்லாத காரியம். வெளியூரிலிருந்து சென்னைக்கு வருபவரோ, தம் ஊரில் அத்தகைய மையம் இருந்தால், தயங்காமல் எழும்பூருக்குப் போகலாம்.

மூலப் பொருள் வைத்திருக்கும் அறிவியல் அருங்காட்சியகம் வந்தால் கணக்கு மாறும். சென்னையிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி, நியூ ஆவடி சாலையில் 2002இல் திறந்த ரயில் அருங்காட்சியகம் அது. தென்னகப் பாதைகளில் உண்மையில் ஓடிய எஞ்சின்களும் பெட்டிகளும் அங்கே நிற்கின்றன. 1955 அக்டோபர் 2 அன்று முதல் பெட்டியை வெளியிட்ட தொழிற்சாலையின் பக்கத்திலேயே அந்தத் தொழிலின் வரலாறும் இருப்பது அதன் பெரிய வலு. பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்களின் கைத்திறனுக்கு இன்னொரு சான்று இஐஆர் 21 என்ற நீராவி எஞ்சின். 1855இல் இங்கிலாந்தில் கட்டிய அந்த எஞ்சின் நூறாண்டுக்கு மேல் வெறும் காட்சிப் பொருளாக நின்றது. 2010இல் பெரம்பூரில் அதை மறுபடி ஓட வைத்தார்கள். ஒரு படிமத்தைப் புதுப்பித்த பரமசிவனின் வேலைக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

வடக்கே ரயிலேறுபவருக்கு விசாகப்பட்டினத்தில் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் இருக்கிறது. 1969இல் கடற்படையில் சேர்ந்து, 2001இல் ஓய்வுபெற்று, 2002 முதல் கடற்கரையில் காட்சிக்கு நிற்கும் கலம். உள்ளே குனிந்து நடந்து, அத்தனை பேர் அந்த இடுக்கில் எப்படிப் படுத்து எழுந்தார்கள் என்று பார்ப்பது, துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த எவருக்கும் மறக்காத அனுபவம். பெங்களூரில் எச்ஏஎல் அருங்காட்சியகம் 2001இல் திறந்தது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய மாருத் போர்விமானம் அங்கே நிற்கிறது. இவற்றின் எதிரே ஒரு சாதாரண ஓவியக்கூடம் இருந்தால் எந்திரத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

உடலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளர் பெஞ்சமின் கில்மன் 1916இல் அருங்காட்சியகச் சோர்வு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பேழைகளில் உள்ளவற்றைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்தும் வளைந்தும் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களோடு காட்டினார். கலைக்கூடத்தில் இந்தச் சோர்வு வேகமாக வருகிறது. எல்லாம் அசையாமல் நிற்கின்றன. அசைய வேண்டியது பார்ப்பவரின் மனம்தான். ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஐம்பதாவது சிலையும் முதல் சிலையும் ஒன்றாகத் தெரியும். இதற்கு வழி, எல்லாவற்றையும் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்துப் போவது. எழும்பூரில் படிமக்கூடத்தில் ஐந்து படிமங்கள், அமராவதிக் கூடத்தில் ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால் அரை நாள் நிறைவாக இருக்கும். போகுமுன் ஒரு மணி நேரம் படித்துவிட்டுப் போவது, அங்கே செலவிடும் இரண்டு மணி நேரத்தைவிட மதிப்புள்ளது. மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவதே அந்த வார்ப்பு முறை. அச்சை உடைத்தால்தான் படிமம் வெளிவரும். ஆகையால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை பிறந்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவரின் கண் வேறு. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் அதே முறையில் வார்க்கிறார்கள்.

அறிவியல் மையத்தின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் தரம் பராமரிப்பைச் சார்ந்தது. கல்லும் செம்பும் ஆயிரம் ஆண்டு தாங்கும். மோட்டாரும் பொத்தானும் பள்ளிச் சுற்றுலாக் காலத்தில் ஒரு மாதம் தாங்குவதே அரிது. பாதிக் கருவிகளில் பழுது என்று அட்டை தொங்கும் நாளில் போன குடும்பத்துக்கு அந்த நாள் வீண். அறிவியல் மையத்துக்குப் போக நினைப்பவர் அண்மையில் போய்வந்த ஒருவரிடம் விசாரித்துக்கொள்வது நல்லது. கோளரங்கத்துக்கு மட்டும் இந்த எச்சரிக்கை குறைவு. காட்சி நேரத்தையும் மொழியையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும். தமிழில் நடக்கும் காட்சிக்குப் பாட்டியையும் பேரனையும் சேர்த்தே அழைத்துப் போகலாம். இரண்டு தலைமுறையும் ஒரே இருட்டில் ஒரே வானத்தைப் பார்க்கக் கிடைக்கும் இடம் அதிகமில்லை.

பிள்ளைகள் இருந்தால் அறிவியல்தான் என்ற முடிவும் அவசரமானது. கலைக்கூடத்தில் பிள்ளைகள் சலித்துப்போவதற்குக் காரணம் கலை அல்ல. தொடாதே, ஓடாதே, பேசாதே என்ற மூன்று கட்டளைகள். நடராசரின் காலடியில் கிடக்கும் முயலகனின் முகத்தைக் கண்டுபிடி, சடையில் கங்கை எங்கே என்று தேடு என்று ஒரு வேலையைக் கொடுத்தால் எட்டு வயதுப் பிள்ளை அரை மணி நேரம் அசையாது.

தொலைதூர ஊர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். தில்லியில் தேசிய அருங்காட்சியகத்தில் மொகஞ்சதாரோ நடனமங்கை இருக்கிறாள். உள்ளங்கை அளவேயான அந்த வெண்கல உருவத்துக்கு ஈடாக 1992இல் திறந்த தேசிய அறிவியல் மையத்தில் எதுவும் இல்லை. எந்திர ஆர்வலர் தில்லியில் போக வேண்டியது சாணக்கியபுரியின் தேசிய ரயில் அருங்காட்சியகம். கொல்கத்தாவில் 1814இல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகத்தில் பார்ஹுத் பௌத்தத் தூபியின் கல்வேலி இருப்பதால் அறிவியல் நகரம் இரண்டாமிடம்தான் பெறும். சிங்கப்பூரில் 2011இல் திறந்த ஆர்ட்சயின்ஸ் மியூசியம் இரண்டையும் பெயரிலேயே சேர்த்திருக்கிறது. ஆனால் அங்கே வந்துபோகும் கண்காட்சிகளே முதன்மை என்பதால், அந்த மாதம் என்ன ஓடுகிறது என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். லிட்டில் இந்தியாவில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் தமிழ்ப் பயணிக்கு அதைவிட உறுதியான தேர்வு. லண்டன்தான் கடினம். ஒரு பக்கம் விக்டோரியா ஆல்பர்ட்டின் தென்னிந்தியப் படிமங்கள். எதிர்ப்பக்கம் எஞ்சியிருக்கும் நீராவி ரயில் எஞ்சின்களிலேயே மிகப் பழையதான பஃபிங் பில்லி. படிமங்களை எழும்பூரில் பார்க்கலாம் என்பதால் சென்னைக்காரர் அங்கே அறிவியல் பக்கம் போவதே சரி. அமராவதிக் கற்களில் லண்டனுக்குப் போன பகுதி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழும்பூர்ப் பகுதியை ஏற்கெனவே பார்த்தவர் அதையும் பார்த்து, பிரிந்த தொகுதியை மனத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

வடசென்னைக்கே வரும் பயணிக்கு நிலைமை வேறு. கலையும் தொழில்நுட்பமும் அங்கே கட்டடத்துக்குள் வைத்த காட்சியாக இல்லை, புழக்கத்தில் இருக்கின்றன. திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் ஆதிபுரீசுவரரின் விமானம் யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை வடிவம். முதலாம் இராசேந்திரன் காலத்தில் அதைக் கருங்கல்லால் கட்டியவர் வீரசோழத் தச்சன் என்ற பட்டம் பெற்ற ரவி என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கட்டிய தச்சரின் பெயரே கிடைக்கும் சோழர் கோயில்கள் அரிது. ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து 1856 ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதை அருங்காட்சியகமாக்க வேண்டும் என்ற கோரிக்கையும் நெடுநாளாக இருக்கிறது. அது நியாயமான கோரிக்கை. எஞ்சின்களைச் சேர்க்க வேறு இடம் இருக்கலாம்; அந்த நிலையத்தின் தூண்களை வேறெங்கும் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

ஆலைகளின் கதை இன்னும் வருத்தமானது. 1878இல் தொடங்கிய பக்கிங்காம் ஆலை, பின்னர் கர்நாடிக் ஆலையோடு இணைந்து, பெரம்பூரில் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. அந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரலில் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. ஆலை மூடிவிட்டது. 1970இல் மின்சாரம் தரத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையமும் 2017இல் நின்றுவிட்டது. நூற்பு எந்திரம், கொதிகலன், சங்கக் கொடி, சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒன்றாக வைத்துக் காட்டும் தொழில் அருங்காட்சியகம் இந்தப் பகுதியில் ஒன்று வந்தால், அது கலையா அறிவியலா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பழைய எந்திரங்கள் இரும்புக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும் வேகத்தைப் பார்த்தால், அதற்கு மிச்சமுள்ள காலம் அதிகமில்லை.

மறுபடி எழும்பூருக்கே வருவோம்: அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வடசென்னையிலிருந்து போகிறவர்கள் வாரத்தின் மற்ற நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே படிமங்களுக்கு அப்பால் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேர்த்த கற்கருவிகளும் உள்ளன; 1904இல் அருங்காட்சியகம் அவற்றை வாங்கியது. ஃபூட் 1863இல் பல்லாவரத்தில் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கத்தையும் கண்டுபிடித்தார். எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கும் கொசஸ்தலை ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் ஊர் அது. தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே அகழ்ந்த கருவிகளில் மிகப் பழையவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவித்தது. அந்தக் கற்களைப் பார்க்க விரும்புவோர் எழும்பூரோடு நிற்காமல், திருவள்ளூர் வழியாகப் பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டித் தொல்லியல் துறை 1985இல் அமைத்த சிறு அருங்காட்சியகத்துக்கும் ஒரு பகலில் போய்த் திரும்பலாம்.